"இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?"



இன்று நம் முன் இருக்கும் கேள்வி இது: படித்த படிப்பு ஒன்று, சீருடை போட்டபின் செய்யும் வேலை வேறு என்றால், படித்தது வீண்தானா? பிள்ளையைத் தேசிய சேவைக்கு அனுப்பிய பல வீடுகளில் எழும் கேள்விதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டு பொறியியல் படித்த பையன், இரண்டு ஆண்டு கழித்து வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடமாட்டானா என்று தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் பெயர் நெவில் ஷூட் நார்வே. மலாயாவைக் களமாகக் கொண்ட 'எ டவுன் லைக் ஆலிஸ்' என்ற நாவலை 1950-இல் எழுதியவர் என்றால் நம்மில் சிலருக்குத் தெரியும். ஆனால் அவருடைய முதல் தொழில் எழுத்தன்று. அவர் விமானப் பொறியாளர்.

1899-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அவருக்குத் திக்குவாய். முதல் உலகப் போரில் விமானப் படை அதிகாரியாக விரும்பினார். திக்குவாய் குறுக்கே நின்றது. அதிகாரிப் பதவி கிடைக்காமல் சாதாரணக் காலாட்படை வீரராகத்தான் போரை முடித்தார். நேயர்களே, பேச்சையே பிழைப்பாகக் கொண்டவள் நான். படித்ததும் மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா. நாக்கு சரளமாக ஓடுவதைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் என் துறையில் நிறைய உண்டு. தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

போர் முடிந்ததும் ஆக்ஸ்ஃபர்டில் பொறியியல் படித்தார். பிறகு விக்கர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, ஆர் 100 என்ற பெரிய ஆகாயக் கப்பலின் கணக்கிடும் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். கணினி இல்லாத காலம். ஸ்லைட் ரூல் என்ற கணக்குக் கோலையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு, சட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று மாதக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். அந்தக் கப்பல் 1930-இல் கனடாவுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. அவரும் அதில் பயணம் செய்தார். தாம் போட்ட கணக்கின் மேல் தாமே ஏறிப் பறந்தார் என்று சொல்லலாம். அதே ஆண்டு அக்டோபரில், அரசாங்கம் கட்டிய ஆர் 101 இந்தியாவுக்குப் புறப்பட்டு, பிரான்சில் விழுந்து 48 பேர் மாண்டனர். அவசரமும் கெடுபிடியும் கணக்கை மீறினால் என்ன ஆகும் என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1931-இல் நண்பர்களுடன் சேர்ந்து ஏர்ஸ்பீட் என்ற விமான நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் ஆக்ஸ்ஃபர்ட் பயிற்சி விமானங்கள் பிற்பாடு 8,000-க்கும் மேல் தயாராகின. இடையே நாவல்களும் எழுதினார். நாவல் எழுதுபவரைப் பொறுப்பான பொறியாளர் என்று யாரும் நம்பமாட்டார்களே என்று, குடும்பப் பெயரான நார்வேயை விட்டுவிட்டு, நெவில் ஷூட் என்ற பெயரில்தான் புத்தகங்களை வெளியிட்டார்.

இனிதான் நம் தலைப்புக்கு வருகிறேன். 1940-இல், நாற்பதைத் தாண்டிய வயதில், அரச கடற்படையின் தொண்டூழியச் சேமப்படையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். வழக்கறிஞர், ஆசிரியர், வங்கி ஊழியர் என்று பல தொழில்களிலிருந்தும் வந்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களின் சட்டைக் கைப்பட்டைகள் அலைபோல் வளைந்திருக்கும். அதனால் அலைக் கடற்படை என்று கேலியாகச் சொல்வார்கள். நமக்கும் இது அந்நியமானதன்று. சிங்கப்பூரில் 1934-இல் தொடங்கிய தொண்டூழியக் கடற்படைதான் இன்றைய நம் கடற்படைக்கு முன்னோடி.

பாய்மரப் படகு ஓட்டத் தெரிந்தவர் என்பதால், தமக்கு ஏதாவது ஒரு சிறு கப்பலைக் கொடுப்பார்கள் என்றுதான் ஷூட் எதிர்பார்த்தார். ஆனால் இரண்டே நாளில் ஒருவர் அவரிடம் கேட்டார்: இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்? என்னென்ன தெரியும்? அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. புதுமையான ஆயுதங்களை உருவாக்கும் கடற்படைப் பிரிவுக்கு அவரை அனுப்பினார்கள். அதை வழிநடத்திய சார்ல்ஸ் குடீவும் சேமப்படைக்காரர்தான், கனடாவிலிருந்து வந்த வேதியியல் விஞ்ஞானி. ஷூட் அங்கே பொறியியல் பகுதிக்குத் தலைவரானார். லெப்டினன்ட் கமாண்டர் பதவிவரை உயர்ந்தார். அணிவகுப்பு முறைகள் அவருக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லையாம். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். கரையோரக் கான்கிரீட் சுவரைத் தகர்க்க 'பேன்ஜாண்ட்ரம்' என்றொரு கருவி செய்தார்கள். பத்தடி உயரச் சக்கரங்கள் இரண்டு, நடுவே ஒரு டன்னுக்கும் மேல் வெடிமருந்து, சக்கரத்தைச் சுற்றி ராக்கெட்டுகள். 1943-44-இல் டெவன் கடற்கரையில் சோதித்தபோது ராக்கெட்டுகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. வேடிக்கை பார்க்க வந்த தளபதிகள் சிதறி ஓடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. சோதனையில் தோற்றதைப் போர்க்களத்துக்கு அனுப்பாமல் நிறுத்தியதும் பொறியியல்தான். ஆர் 101-க்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை.

ஆனால் விமானத்திலிருந்து நீர்மூழ்கியைத் துளைக்கும் ராக்கெட் ஈட்டி வென்றது. அது ஆரம்ப நிலையில் இருந்தபோதே ஷூட் விடாமல் வற்புறுத்தியிருந்தார். அதனால் முதல் நீர்மூழ்கி மூழ்கியபோது குடீவ் அவருக்குத்தான் பாராட்டு அனுப்பினார். அதே பிரிவின் 'ஹெட்ஜ்ஹாக்', கப்பலுக்கு முன்புறமாக 24 குண்டுகளை வீசும். அதை வைத்து 1944 மே மாதம், 'இங்கிலண்ட்' என்ற ஒரே அமெரிக்கக் கப்பல் 12 நாளில் ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது.

நேயர்களே, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? படிப்பு வீணாவது சீருடையால் அன்று. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க ஆளில்லாததால்தான். இரண்டு நாளில் அந்தக் கேள்வி வந்தது ஷூட்டின் அதிர்ஷ்டம். எல்லாருக்கும் அது வாய்க்காது என்று எதிரணி நண்பர் சொன்னார். உண்மைதான். அதனால்தான் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன்.

தம்பிமார்களே, யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெல்டிங் தெரியுமா, மின்கம்பி வேலை தெரியுமா, நிரல் எழுதத் தெரியுமா? அதை நீங்களாகவே மரியாதையாகச் சொல்லுங்கள். நாக்கு திக்கினாலும் பரவாயில்லை, எழுதிக் கொடுங்கள்.

பெற்றோர்களே, மேலாளர்களே, ரிசர்விஸ்ட் முடித்து வருகிற பிள்ளையிடம் "எத்தனை நாள் போச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அங்கே என்ன செய்தாய், உன் படிப்பு எங்கே உதவியது?" என்றும் கேளுங்கள். பதில் ஒன்றுமில்லை என்று வந்தால், அடுத்த முறை என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசுங்கள். கைத்தொழில் ஒரு நாளில் மறந்துபோவதில்லை. ஆனால் பல ஆண்டு யாருமே கேட்காவிட்டால், தெரிந்தவனே அதை மறைத்து வைத்துவிடுவான்.