மானிட்டர் பொய் சொன்னால் சாயக்காரர் என்ன செய்வார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நீ மானிட்டர் ரிப்பேர் பார்க்கிறவன்தானே, அதைப் பற்றியே பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் பேச வேண்டியதாகிவிட்டது. அதனால் சுருக்கமாகவே சொல்றேன்.

என் ஊர் திருப்புட்குழி. பாலுசெட்டி சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கொஞ்ச தூரம். இராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குருவே சொன்னாலும் பொருள் சரியில்லை என்று பட்டால் மறுத்துக் கேட்டவர் அந்த மாணவர். எங்கள் தொழிலுக்கும் அந்தப் பழக்கம் ரொம்ப அவசியம். "மானிட்டர் போச்சு" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே நம்பக் கூடாது. சோதித்துப் பார்க்கணும்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் சேலை டிசைனை ஒரு காலத்தில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டினார்கள். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போட்டார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் பெயரால் வழங்கும் எம்.எஸ். புளூ என்று எல்லா நிறமும் திரைக்கு வந்துவிட்டன. திரையில் நிறம் தவறினால் அது அறைக்குள் நிற்காது. சாயப் பட்டறைக்குப் போகும், அங்கிருந்து தறிக்குப் போகும். காஞ்சிபுரத்தில் ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை நெய்வார்கள். ஆக ஒரு தவறு மூன்று சேலையாகும்.

நான் பார்த்த ஒரு சம்பவம். டிசைன் போடும் இடம் ஒன்றில் பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர். பழைய சேலை ஒன்றை மாதிரியாக வைத்து அதே அரக்கு வேண்டும் என்று டிசைன் செய்தார்கள். வந்த பாவு சிவப்பு தூக்கலாக இருந்தது. "சாயக்காரர் கெடுத்துட்டார், கூலியில் பிடிக்கணும்" என்று பேச்சு. அவர் வயதானவர். "தம்பி, நீங்க குடுத்த பேப்பரைப் பார்த்துத்தானே போட்டேன்" என்றார். அந்த அச்சுத் தாளையும் பாவு நூலையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றுதான். மாதிரிச் சேலைதான் வேறாக இருந்தது.

பிறகு திரை முழுக்க வெள்ளை போட்டுப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக இல்லை, லேசாக நீலப்பச்சை அடித்தது. குழாயில் சிவப்பு தளர்ந்துவிட்டது. திரையில் அரக்கு மங்கித் தெரிந்ததால், டிசைன் போட்ட பிள்ளை சிவப்பைக் கூட்டிக் கூட்டிச் சரி செய்திருக்கிறது. அந்தக் கூடுதல் சிவப்பு ஃபைலில் ஏறி, தாளில் ஏறி, நூலிலும் ஏறிவிட்டது. அதே ஃபைலை வேறு மானிட்டரில் திறந்ததும் எல்லோருக்கும் விளங்கியது. அந்தப் பெரியவரின் கூலி தப்பியது. இந்தச் சோதனைக்கு ஆன நேரம் கால் மணி.

அதனால்தான் இந்த முறையை உங்களுக்குச் சொல்லித் தர ஆசைப்படறேன். இதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், கண் போதும்.

முதலில் குழாய் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வார்த்தை. 1897-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பிரவுன் உருவாக்கிய கதிர்க்குழாய்தான் இதற்கு மூலம். வண்ணக் குழாயின் கழுத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு மூன்று எலக்ட்ரான் கதிர்கள் புறப்படுகின்றன. திரைக்குப் பின்னால் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய உலோகத் தகடு. அந்தந்தக் கதிர் தன் நிறப் புள்ளியில் மட்டும் விழும்படி அது பார்த்துக்கொள்ளும். 2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பெட்டிக்கும் இதே சங்கதிதான்.

இனி சோதனை. மானிட்டரைப் போட்டு அரை மணி சூடாக விடுங்கள். பழைய குழாய் போட்டவுடனே சரியான நிறம் காட்டாது. பிறகு பெயிண்ட் புரோகிராமில் திரை முழுக்க வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் இல்லை. ரோஸ் கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை இல்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு இல்லை. ஒரு நிறம் அடியோடு காணோம் என்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல். 1987-ல் வந்த வி.ஜி.ஏ. இணைப்பில் 15 ஊசிக்கு இடம் உண்டு. 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். ஊசி வளைந்திருக்கிறதா பாருங்கள். 9-ஆம் ஊசி பல கேபிள்களில் தயாரிப்பிலேயே இருக்காது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கேபிளை லேசாக அசைத்தால் நிறம் வந்து வந்து போகிறதா? அப்போ கேபிளை மாற்றினால் தீர்ந்தது.

அடுத்து, கம்ப்யூட்டர் பக்கம் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சிக்னல் இல்லை என்று மானிட்டர் தானாகவே ஒரு சின்னக் கட்டம் காட்டும். அதில் நிறங்கள் சரியாக இருந்தால் மானிட்டர்மேல் பெரும்பாலும் குற்றமில்லை. கேபிளையோ கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே கார்டையோ பாருங்கள். அங்கேயும் நிறம் தவறினால் கோளாறு மானிட்டருக்குள்ளே. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று கடைசிவரை தெரியாது.

மூலையில் மட்டும் ஊதாவோ பச்சையோ திட்டாகத் தெரிந்தால் அது காந்தம். பக்கத்தில் ஸ்பீக்கர், ஸ்டெபிலைசர், இரும்பு பீரோ இருக்கும். அதைத் தள்ளி வைத்துவிட்டு மெனுவில் உள்ள டிகாஸ் பொத்தானை அழுத்துங்கள். 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும், படம் ஆடும், திட்டு போகும். உடனே மறுபடி அழுத்தினால் பலன் இருக்காது. உள்ளே இருக்கும் பாகம் ஆறணும், கால் மணியாவது விடுங்கள்.

மெல்லிய வெள்ளைக் கோட்டின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் தெரிந்தால் மூன்று கதிரும் ஓரிடத்தில் சேரவில்லை. டிசைனில் ஒரு கட்டம் ஒரு இழை. பார்டர் கோடு இரண்டாகத் தெரிந்து, இல்லாத தவறைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்கள். சோனியின் டிரினிட்ரான் வகைக் குழாயில் குறுக்கே ஒன்றோ இரண்டோ மெல்லிய நிழல் கோடு தெரியும். உள்ளே கம்பிகளைப் பிடித்திருக்கும் இழையின் நிழல் அது. கோளாறு இல்லை.

தட்டினால் நிறம் வருகிறது, விட்டால் போகிறது என்றால் பற்றவைப்பு விட்டிருக்கும். பெரும்பாலும் குழாயின் கழுத்தில் இருக்கும் போர்டில். படம் சுருங்கி நடுவில் ஒரே வெள்ளைக் கோடாக நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். விட்டால் அந்தக் கோடு திரையிலேயே வெந்துவிடும்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். பின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே 25,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்சாரம் தங்கியிருக்கும். பழகின மெக்கானிக்கே பயந்துதான் கை வைப்பார்.

குழாய் தளர்ந்துபோனால் அதற்கு மருந்து குறைவு. அதிக மின்சாரம் கொடுத்து எழுப்பும் கருவிகள் உண்டு, ஆனால் நெடுநாள் தாங்காது. அப்படிப்பட்ட மானிட்டரில் கணக்கு எழுதலாம், கடிதம் அடிக்கலாம். நிறம் மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

"எங்ககிட்ட தட்டை மானிட்டர்தானே இருக்கு" என்கிறீர்களா? அதுவும் கிழடாகும். சற்றுப் பழைய எல்.சி.டி.யில் பின்னால் இருப்பது குட்டி டியூப்லைட். வயதானால் வெளிச்சம் குறைந்து மஞ்சளோ சிவப்போ அடிக்கும். திரை இருட்டாக இருக்கிறது, டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறது என்றால் போனது அந்த விளக்குப் பகுதிதான். மலிவான திரையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிறம், நின்று பார்த்தால் ஒரு நிறம். முதலாளி நின்றபடி பார்ப்பார், டிசைனர் உட்கார்ந்து பார்ப்பார். அப்புறம் சண்டை வராமல் என்ன செய்யும்?

பழைய குழாயைக் காயலான் கடைக்குப் போட்டு உடைக்க விடாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உள்ளே வெற்றிடம், உடைந்தால் சில்லு தெறிக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்கணும்.

முடிவாக ஒன்று. திரை எவ்வளவு புதிதாக இருந்தாலும் பட்டுக்குக் கடைசிச் சாட்சி சாயம் போட்ட நூல்தான். ஒரு சிறு கழியை முதலில் சாயம் போட்டுக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் மாதிரியோடு ஒப்பிட்டுவிட்டுப் பாவுக்குக் கொடுங்கள். நிறம் தவறினால் ஆளைச் சொல்வதற்கு முன்னால் திரையில் வெள்ளையைப் போட்டுப் பாருங்கள். நம் சங்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு உழைப்பாளியின் கூலியைப் பிடிக்கும் முன் இந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.