கேமராவில் மட்டும் தெளியாத நிலா

புதிதாக வாங்கிய நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் நிலாவின் பள்ளங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. கேமராவைப் பொருத்தினால் வெறும் வெள்ளைத் திட்டு. கருவியே பழுது என்று முடிவுகட்டுவது அவசரம். கண்ணுக்குத் தெளிவாகக் காட்டும் ஆடி கேமராவுக்கு மட்டும் கெட்டுப்போகாது. சிக்கல் தூரத்தில் இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உணரி, லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து உள்ளே தள்ளி அமைந்திருக்கிறது: கேனான் இ.எஃப். வகையில் 44 மி.மீ., நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ. ஆடி ஒளியைக் குவிக்கும் புள்ளி அந்த உணரிக்கு முன்பே விழுந்துவிடுகிறது. குவியக் குழாயை உள்ளே திருகத் திருகப் படம் தெளிந்துகொண்டே வந்து, குழாய் முட்டி நின்றுவிட்டால் இதுதான் காரணம்.

பார்லோ லென்ஸ் ஒன்றை இடையில் வைத்தால் குவியப் புள்ளி வெளியே நகரும். படம் மங்குமே என்பார்கள், உண்மைதான். 2 மடங்கு பார்லோ படத்தின் வெளிச்சத்தைக் கால் பங்காக்கும். நிலாவுக்கு அது பொருட்டல்ல, நெபுலாவுக்குப் பெரிய இழப்பு. நெபுலா எடுப்பவர்கள் முதன்மை ஆடியைக் குழாயில் சற்று முன்னே நகர்த்தலாம். இரண்டாம் ஆடி போதிய அகலமா என்று முதலில் பாருங்கள். ஒளி முழுதும் அதில் அடங்காவிட்டால் படத்தின் ஓரம் இருளும். மிரர்லெஸ் கேமராவில் உணரி வாயருகே இருக்கிறது. குட்டையான இணைப்பு வளையம் கிடைத்தால் அதுவே போதலாம். கருவியைத் திருப்பி அனுப்பும் முன் குவியக் குழாயைத் திருகிப் பார்க்கும் சோதனையைச் செய்துவிடுங்கள்.