நீர்த் தாரையும் நுண்துளை இழையும்



1854 ஆம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டல் என்னும் விஞ்ஞானி ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டினார். பாத்திரத்தின் துளை வழியே வளைந்து விழுந்த நீர்த் தாரைக்குள் ஒளியைச் செலுத்தினார். ஒளி வெளியேறாமல், தாரைக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பிரதிபலித்து, அதனோடு வளைந்து சென்றது.

காரணம் யாது? நீரின் ஒளிவிலகல் எண் 1.33, சுற்றியுள்ள காற்றின் எண் ஏறத்தாழ 1. எண் மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளை நோக்கிப் போதிய சாய்வில் செல்லும் ஒளி, எல்லையிலேயே முழுவதும் திரும்பிவிடும். இதுவே முழு அகப் பிரதிபலிப்பு.

அங்ஙனமாயின், தடித்த சுவருள்ள கண்ணாடி நுண்குழாயில் நீரை நிரப்பினால் ஒளி அதன்வழிச் செல்லாதோ? செல்லாது. சிலிக்காக் கண்ணாடியின் எண் 1.45, நீரினும் மிகுதி. ஆதலால் ஒளி நீரில் நில்லாது கண்ணாடிக்குள் புகுந்துவிடும். கார்பன் டைசல்பைடின் எண் ஏறத்தாழ 1.63, அத்தகைய திரவத்தில் இத்தொல்லை இல்லை. ஆனால் உயிர்ப்பொருள்களை ஆராய்வோருக்கு வேண்டுவது நீரன்றோ?

இங்கே துணைக்கு வந்தது நுண்துளை இழை. தலைமயிரை ஒத்த கண்ணாடி இழையில், நெடுகிலும் ஒழுங்காக அமைந்த காற்றுத் துளைகள்! இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிலிப் ரஸ்ஸலும் அவருடைய கூட்டாளிகளும் 1996 இல் இவ்வகை இழையைச் செய்து காட்டினர். அதன் நடுப்பகுதி கண்ணாடியாகவே இருந்தது. 1999 இல் நடுவிலும் துளையுள்ள இழை வந்தது.

அந்த நடுத்துளையில் மட்டும் நீரை ஏற்ற வேண்டும். எப்படி? இழையின் முனையை மின்பொறியால் சற்றே சூடாக்கினால், சிறு துளைகள் உருகி மூடிக்கொள்ளும். பெரிதான நடுத்துளை திறந்தே இருக்கும். முனையை நீரில் தோய்த்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நீர் தானே ஏறும். சுற்றிலும் காற்று மிகுந்திருப்பதால், அப்பகுதியின் சராசரி எண் நீரினும் தாழ்ந்துவிடுகிறது. ஒளி நீரிலேயே தங்குகிறது.

இதனால் பயன் என்ன? திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், 1928 இல் கல்கத்தாவில் கண்ட விளைவை நினைவுகூருங்கள். திரவத்தில் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி, மூலக்கூறுகளை அடையாளம் காட்டுகிறது. ஆனால் அது மிக மங்கலானது. சாதாரணக் குப்பியில், குவிந்த ஒளி சிறிது தூரமே திரவத்தைச் செறிவாகத் தாக்கும். இழையிலோ, இரண்டும் பல அங்குலம் பிரியாமல் செல்லும். மங்கிய ஒளி வழிநெடுகச் சேர்ந்து வலுப்பெறும். பத்து மைக்ரான் துளையில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வேண்டிய நீரோ, ஒரு துளியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிடைத்தற்கரிய மாதிரியைச் சோதிப்போருக்கு இது பெரும்பேறு.

மாணவர்களே, டிண்டலின் தாரையைச் சூழ்ந்திருந்த காற்றையே இவர்கள் கண்ணாடிக்குள் கொண்டுவந்தனர். விதி மாறவில்லை, அதற்கேற்ப அமைப்பை மாற்றிக்கொண்டது மனித அறிவு.