பெயரைப் போடாவிட்டால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

விடுதி மெஸ்ஸில் என்னோடு தண்ணி ரசம் சாப்பிட்ட நண்பர்களே!

'பத்திரிகை அனுபவத்தைச் சொல்லுப்பா, பத்து நிமிஷம்தான்' என்று செயலாளர் கட்டளை. பெருமைப்படும்படி சில அனுபவங்கள் உண்டு. அதை விட்டுவிட்டு, நான் சறுக்கிய ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. நாற்பது வீடுள்ள கிராமம். விசாரணை என்று காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பெண்ணைச் சீரழித்திருந்தார்கள். அவர் அழுதபடி சொன்னதை எழுதி வந்தேன். இப்படிப்பட்ட வழக்கில் பெயரை வெளியிடக்கூடாது என்று 1983 முதலே சட்டம் இருக்கிறது. நானும் போடவில்லை. ஆனால் 'மூன்று குழந்தைகளின் தாய், கணவர் செங்கல் சூளைத் தொழிலாளி, மாரியம்மன் கோயிலை ஒட்டிய குடிசை' என்று உருக்கமாக எழுதித் தொலைத்தேன். மறுநாள் டீக்கடையில் ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிக்க, ஊரே அந்தக் குடிசையைத் திரும்பிப் பார்த்ததாம். ராத்திரி ஜீப் வந்திருக்கிறது. ஒரே வாரத்தில் புகார் வாபஸ். திரும்பப் போனபோது அவர் வெளியே வரவில்லை. அண்ணன்தான் பேசினார்: "பேரு போடலைன்னீங்க சார். எங்க ஊர்ல பேரு எதுக்கு சார்?"

பெயர் மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டும் எந்த விவரமும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொன்னது. எனக்கு அந்த அண்ணன் முன்னாடியே சொல்லிவிட்டார்.

அதற்காக எழுதாமலே இருந்துவிடலாமா? கூடாது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20இல், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். தீர்ப்பு வந்தது 2011இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததோ 2023இல். நம்ம செய்தி மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். சாட்சி சொன்னவர் அத்தனை வருஷமும் அதே ஊரில், அதே ரேஷன் கடை வரிசையில் நிற்கணும்.

அதனால் இப்போது சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுவேன். 'இதை எடுத்துடுங்க' என்றால், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் எடுத்துவிடுவேன். ஏற்கெனவே வக்கீலிடம் சொன்னதை மறுபடி என்னிடமும் சொல்லச் சொல்வதில்லை. வழிகாட்டி அழைத்துப்போன உள்ளூர்ப் பையனின் பெயரும் நோட்டில் இருக்காது. நாம் பஸ் ஏறிவிடுவோம், அவன் அங்கேதானே இருக்கணும்? போட்டோ எடுத்தால் முகம் மட்டுமல்ல, புடவை, வாசற்படி எல்லாம் பார்க்க வேண்டும். போனில் எடுத்த படத்துக்குள் இடமும் நேரமும் பதிவாகி இருக்கலாம், அதையும் நீக்கணும்.

இது பத்திரிகைக்காரனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம்ம பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போன மாசம் ஒரு வீடியோ வந்ததே, அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. எட்டு பேர் 'ஐயோ பாவம்' என்று எழுதிவிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள்.

இலை போட்டாச்சு என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். கேள்வி இருந்தால் பந்தியில் கேளுங்கள்.