பெயர் தெரியா மிதிவண்டிகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மிதிவண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நம் செயலாளர் சற்றே தயங்கி, “மிதிவண்டியைப் பாடிய கவிதைகளைப் பற்றித்தானே அம்மா?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே அவையினருக்கும் சொல்லிவிடுகிறேன். கவிதையைப் பற்றியன்று, மிதிவண்டியைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்களில், மாட்டுக் கொட்டகையிலும் மோட்டார்க் கொட்டகையிலும் பெயரும் வண்ணமும் இழந்து சாய்ந்து கிடக்கும் பழைய வண்டிகள் எங்கே, எப்போது செய்யப்பட்டவை என்பதை எவ்வாறு அறிவது? இதுவே என் பொருள்.

தமிழ் படித்தவர்க்கு இவ்வேலை புதியதன்று. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியாதபோது, அப்பாட்டின் உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயனீரார் என்றழைத்தனர். அதற்கடுத்த பாட்டுக்குரியவர் அணிலாடு முன்றிலார் ஆனார். பெயர் போய்விட்டாலும் பொருளுக்குள்ளேயே ஓர் அடையாளம் எஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கை நம் முன்னோர்க்கு இருந்தது. ஏட்டுக்குச் செய்ததை இரும்புக்கும் செய்து பார்க்கலாம் என்று சில ஆண்டுகளாக நானும் என் மாணவியர் சிலரும் முயன்று வருகிறோம். அவசரமும் இருக்கிறது. பழைய இரும்பு வாங்குவோர் வாரந்தோறும் தெருவில் வருகின்றனர். அவர்களின் தராசில் எல்லா வண்டியும் கிலோக் கணக்குத்தான்.

முதலில் ஒரு தவறான வழியை ஒதுக்கிவிட வேண்டும். பழைய வண்டியைக் கண்டதும் எல்லாரும் கழுத்துக் குழாயில் உள்ள பெயர் வில்லையைத்தான் பார்க்கிறோம். சான்றுகளில் மிக வலுவற்றது அதுதான். ஹெர்குலிஸ் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பெயர். ஆனால் 1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னை அம்பத்தூரில் அதே பெயரில் வண்டி செய்தது. ராலே நாட்டிங்காம் நகரத்துப் பெயர். வங்கத்து ஆசன்சோலில் சென்-ராலே ஆலை அப்பெயரைத் தாங்கி நின்றது. பி.எஸ்.ஏ. என்பதோ துப்பாக்கி செய்த பர்மிங்காம் நிறுவனம். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய அதன் சின்னம் பின்னர் நம் நாட்டு வண்டிகளிலும் ஏறியது. இவை உரிமையுடன் செய்யப்பட்டவை. உரிமையின்றி ஒட்டப்பட்டவை எத்தனையோ! வண்டிக்குப் புது வண்ணம் பூசும்போது, கடையில் எந்த ஒட்டுப்படம் இருந்ததோ அதையே ஒட்டிவிடுவது நம் பக்கத்து வழக்கம். வில்லியனூரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம் இது: “வில்லையப் பாக்காதீங்கம்மா, கப்பைக் கழட்டிப் பாருங்க.”

அவர் குறிப்பிட்டது பி.பி. கப். மிதிகட்டைகளின் அச்சு சுழலும் கீழ்க்கூட்டில், இரு பக்கமும் பால்ரஸ்களை அடக்கித் திருகப்பட்டிருக்கும் கிண்ணம் அது. அதன் மரையில்தான் வண்டியின் பிறப்பிடம் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கில முறையில் செயின் இருக்கும் வலப்பக்கக் கப்புக்கு எதிர்மரை, இடப்பக்கத்துக்கு நேர்மரை. பிரெஞ்சு முறையில் இரு பக்கமும் நேர்மரை. விட்டம் 35 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். ஆங்கில மரை அங்குலத்துக்கு 24. ராலே மட்டும் தனக்கெனத் தனி வழி வகுத்துக்கொண்டு அங்குலத்துக்கு 26 வைத்தது. சுவிட்சர்லாந்து, இத்தாலி வண்டிகளில் இம்முறைகள் சற்றே மாறும். அவை நம் ஊர்களில் எதிர்ப்படுவது அரிதாகையால் விட்டுவிடுகிறேன்.

இந்த மரையை எண்ணுவதற்குக் கருவி வேண்டுமே என்று கவலைப்படத் தேவையில்லை. கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல், கழற்றிய கப்பின் விளிம்பில் மெல்லிய தாளைப் பொருத்திப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் கோடுகள் விழும். கப்பின் மரைப்பகுதி ஓர் அங்குல அகலம் இராது. அரை அங்குலத்தில் விழும் கோடுகளை எண்ணி இரட்டிக்க வேண்டும். பன்னிரண்டா, பதின்மூன்றா என்ற ஒரு கோட்டு வேறுபாட்டில் ராலே தனித்து நின்றுவிடும். பாடவேறுபாடு பார்ப்பவர்க்கு ஓரெழுத்தின் அருமை தெரியுமல்லவா?

ஆங்கில முறை, பிரெஞ்சு முறை என்று நான் பிரித்துப் பேசுவதற்குக் காரணம் நம் மண்ணின் அமைப்பு. புதுச்சேரி ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. பாகூர் கொம்யூனுக்கும் நகரத்துக்கும் நடுவே கடலூர் மாவட்டத்து ஊர்கள் குறுக்கிடுகின்றன. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறும் வரை, ஓர் ஊர் பிரெஞ்சு ஆட்சியிலும் அடுத்த ஊர் அயலாட்சியிலுமாக இருந்தன. ஒருபுறம் அங்குலம், மறுபுறம் மில்லிமீட்டர். இரு அளவுகளும் ஒரே கடையின் எண்ணெய்த் தட்டில் சந்திக்கக்கூடிய இடம் இது. தமிழகத்தின் உட்பகுதியில் இத்தொல்லையும் இல்லை, இச்சுவையும் இல்லை.

எதையும் கழற்றாமலே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்றுண்டு. சிறு பிள்ளையும் செய்யலாம். சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளை எண்ணுங்கள். ஆங்கில மரபில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40. நம் நாட்டு ஆலைகளும் இதையே பின்பற்றின. பிரெஞ்சு மரபில் இரண்டுக்கும் 36. ரிம் மாறினாலும் ஹப்பில் உள்ள துளைகள் மாறுவதில்லை.

ஆனால் ரிம் அளவில் ஒரு பொறி இருக்கிறது. நாம் இருபத்தெட்டு அங்குலச் சக்கரம் என்று வழங்கும் பெரிய சக்கரமும், பிரான்சில் 700பி என்று வழங்கப்பட்டதும் டயர் அமரும் இடத்தில் ஒரே விட்டம் உடையவை: 635 மில்லிமீட்டர். எனவே நம் டயர் பொருந்துகிறது என்பதால் அது ஆங்கில வண்டி ஆகிவிடாது. அவர்களின் 650பி சக்கரமோ 584 மில்லிமீட்டர். அதற்கு நம் கடைகளில் டயர் கிடைத்திராது. சக்கரம் இல்லாத வெற்றுக் கூடாக வண்டி கிடக்கிறதென்றால் அதற்கு இப்படியும் ஒரு காரணம் இருந்திருக்கலாம்.

குழாய்களும் பேசும். ஆங்கில வண்டியின் இருக்கைக் குழாய் ஒன்றேகால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு, அதாவது 28.6 மில்லிமீட்டர். பிரெஞ்சுக் குழாய் சரியாக 28. மேல் பார் முறையே 25.4, 26. அரை மில்லிமீட்டரைக் கண்ணால் அறிய முடியாது. இயற்பியல் துறையினரிடம் வெர்னியர் அளவியை இரவல் கேளுங்கள். தமிழ்த்துறைக்கு இது எதற்கு என்று கேட்பார்கள், கேட்கட்டும். அளக்கும் இடத்தில் வண்ணத்தின் தடிப்பு சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியில் தெரியாத ஓரிடத்தில் சிறிதளவு நீக்கினால் போதும்.

பாகூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தியின் வீட்டு வண்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அவளுடைய பாட்டனார் சொல்தாவாக இந்தோசீனாவில் பணியாற்றியவர். 1955இல் சைகோனிலிருந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த ‘பிரெஞ்சு சைக்கிள்’ என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தனர். பாட்டனார் மறைந்தபின் அவளுடைய பெரியப்பா அதை இரும்புக்குப் போட முனைந்தார். “ஆயா தர மாட்டேங்குது அம்மா, நீங்க வந்து பாருங்க” என்று அவள் அழைத்தாள். சென்று பார்த்தோம்.

கழுத்தில் பிற்காலத்து உள்நாட்டு ஒட்டுப்படம். அதை நம்பவில்லை. செயின் வீலை மண்ணெண்ணெயால் துடைத்தபோது பற்களின் உள்வட்டத்தில் மூன்று பறவைத் தலைகள் தெரிந்தன. பாகூர் ஏரியைப் பார்த்து வளர்ந்தவளல்லவா, “நாரை!” என்றாள் உடனே. நாரை, ராலேயின் சின்னம். ஆயினும் செயின் வீல் மாற்றக்கூடிய உறுப்பு. கப்பைக் கழற்றினோம். வலப்பக்கம் எதிர்மரை, தாளில் விழுந்த கோடுகள் அரை அங்குலத்துக்குப் பதின்மூன்று. இடப்பக்கத்தில் யாரோ 24 மரைக் கப்பை வன்மையாகத் திருகிப் பாதி மரையைத் தின்ன வைத்திருந்தனர். அதுவும் ஒரு செய்திதான்: அசல் கப் கிடைக்காத காலத்தில் வண்டி தொடர்ந்து ஓடியிருக்கிறது. பின்சக்கர ஹப் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேக வகை. அதன் உருளையில் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் 53, 9 என்ற எண்களும் இருந்தன. 1953ஆம் ஆண்டு, ஒன்பதாம் மாதம். செய்த ஆண்டையும் மாதத்தையும் தானே பொறித்துவைத்த உறுப்பு வேறெதுவும் நான் கண்டதில்லை. ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டுப் போன்றது.

ஆக, வண்டி நாட்டிங்காமில் பிறந்தது. வீட்டார் சொன்னது பொய்யா? பெரியப்பா அப்படித்தான் சொல்லிச் சிரித்தார். ஆயாவின் முகம் வாடிவிட்டது. நான் முன்சக்கரத்தருகே பார்த்தேன். ஃபோர்க்கில் மாட்டியிருந்த டைனமோவில் சூபித்தேஸ் என்ற பெயர் இருந்தது. அது பிரெஞ்சு நிறுவனம். ஆங்கில வண்டியில் பிரெஞ்சு விளக்கு! சைகோன் கடையொன்றில் விற்ற ஆங்கில வண்டியில் அங்கேயே பிரெஞ்சு டைனமோ பொருத்தியிருக்கலாம், புதுச்சேரியிலும் பொருத்தியிருக்கலாம். இரும்பு தான் பிறந்த இடத்தைச் சொல்லும். எந்தக் கடையில் விலைபோயிற்று என்பதைச் சொல்லாது. அதற்கு ஆயாவின் வாய்மொழிதான் சான்று. 1953இல் செய்த ஹப்பும் 1955இல் திரும்பிய மனிதரும் ஒன்றுக்கொன்று முரணவில்லை. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி ஆயாவிடம் படித்துக் காட்டினோம். வண்டி இரும்புக்குப் போகவில்லை.

இன்னொரு கேடு இரும்பு வணிகத்தைவிட நாசூக்கானது. பழைய வண்டிகளுக்கு இப்போது நகரத்தில் அலங்கார மதிப்பு வந்திருக்கிறது. உணவு விடுதி வாயிலில் பூத்தொட்டி மாட்டி நிறுத்துகிறார்கள். அதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளக்க வண்ணம் பூசி, போலிச் சின்னமும் வைத்துவிடுகிறார்கள். தேய்த்ததில் எண் போயிற்று. பூசியதில் மூட்டுகளின் வடிவம் போயிற்று. ஏட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று எழுத்தைக் கழுவிவிட்டவரை நாம் என்ன சொல்வோமோ அதையே இவர்களையும் சொல்வேன்.

‘அசல்’ என்ற சொல்லிலும் எனக்கு ஐயம் உண்டு. பாகூர் நெல் விளையும் பூமி. மூட்டை ஏற்றுவதற்காகப் பட்டறையில் அகலப்படுத்திய கேரியரை, அசலன்று என்று கழற்றி எறிகிறார்கள். இடைச்செருகல் என்று நாம் ஒதுக்கிய பாட்டு எந்த நூற்றாண்டின் மனத்தைக் காட்டுகிறது என்று இன்று ஆராய்கிறோமே, அந்தக் கேரியர் மட்டும் என்ன குற்றம் செய்தது? புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழி ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றபோது, பெண்கள் வண்டி போதாமையால் பார் வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினர். வண்டியின் வடிவத்தை மட்டும் வைத்து ஓட்டியவர் ஆணா பெண்ணா என்று முடிவு கட்டுவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மாணவியருக்கு நான் வகுத்துள்ள முறை எளியது. வண்டியை விற்பதற்கோ தேய்ப்பதற்கோ முன் அரைமணி நேரம் கேட்டுப் பெறுங்கள். மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் போதும். இருக்கைக் குழாயின் உச்சி, கீழ்க்கூட்டின் அடிப்புறம், பின்சக்கரம் மாட்டும் முனை ஆகிய மூன்றிடங்களிலும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கண்டபடியே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி, இரும்பு சொல்வதைத் தனியே எழுதுங்கள். இரண்டையும் கலக்க வேண்டா.

நிறைவாக, நாங்கள் தீர்க்க முடியாத ஒன்றை அவைமுன் வைக்கிறேன். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றின் மோட்டார்க் கொட்டகையில் ஒரு கூடு கிடைத்தது. இருக்கைக் குழாய் 28 மில்லிமீட்டர். கீழ்க்கூட்டில் இரு பக்கமும் நேர்மரை, விட்டம் 35. எஞ்சிய முன் ஹப்பில் 36 துளைகள். பிரெஞ்சு வண்டி என்பதில் ஐயமில்லை. சிங்கச் சின்னத்துப் பெஜோவா, செந்த்-எத்தியேன் நகரத்து வேறொன்றா என்பது தெரியவில்லை. பெயர் வில்லை இல்லை. அதைத் தறைந்திருந்த இரு துளைகள் மட்டும் கழுத்துக் குழாயில், ஒன்றன்கீழ் ஒன்றாக, 62 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பழைய தகரப் பெட்டியில், பொத்தான்களுக்கும் செல்லாக் காசுகளுக்கும் இடையே, மேலும் கீழும் துளையிட்ட வளைந்த பித்தளைத் தகடு ஏதேனும் கிடந்தால், அன்புகூர்ந்து தூக்கி எறியாமல் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.