போனில் ஒரு டாக்டர்



சர்க்கரை நோய் வந்தால் எல்லோரும் வெளியே சொல்கிறார்கள். பிரஷர் வந்தால் பக்கத்து வீட்டில் மாத்திரையின் பேரைக் கேட்கிறார்கள். மனத்தில் நோய் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இன்றைய பேச்சு அந்தச் சாத்திய கதவைப் பற்றியது. அந்தக் கதவுக்குள் இப்போது போன் வழியாக டாக்டர் வருகிறார். அவர் வந்தால் வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோலார் தங்கவயலில் ஒரு லைன் வீடு. தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது. அதன் பிறகு அங்கே பல வீடுகளில் நடப்பதுதான் இந்த வீட்டிலும் நடக்கிறது. மகன் விடியற்காலையில் ரயில் ஏறுகிறான். பெங்களூரில் காவலாளி வேலை. இரவில் திரும்புகிறான். போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர்.

மகனுக்கு வயது இருபத்து மூன்று. அப்பா இல்லை. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அக்காவைப் பங்காருப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறது.

ஒரு நாள் மகன் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். தானாகப் பேசுகிறான். சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிறான்.

"ஏம்ப்பா, சாப்பிடலையா?"

"இதுல என்ன கலந்திருக்கேம்மா?"

பெற்ற தாயைப் பார்த்துக் கேட்கிறான். அம்மா அன்று அழுதார். குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போனார். கோவிலுக்குப் போனதில் தப்பில்லை. பிறகு ஒருவர் தாயத்துக் கட்டினார். மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். மகன் அப்படியேதான் இருந்தான். "கல்யாணம் பண்ணி வை, சரியாயிடும்" என்றார் ஒரு பெரியவர். நல்ல வேளை, அம்மா அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விவரம் தெரியாத ஒரு பெண்ணும் வந்து சேர்ந்து அழுதிருப்பாள்.

இந்த நோய்க்கு மனச்சிதைவு என்று பேர். யாரும் பேசாமலே காதில் பேச்சுக் கேட்கும். காரணமே இல்லாமல் சந்தேகம் வரும். பெரும்பாலும் இளம் வயதில்தான் தொடங்கும். பேய் இல்லை, செய்வினை இல்லை, வளர்ப்பும் காரணமில்லை. மூளையில் வருகிற நோய். மருந்து இருக்கிறது.

2015-16இல் பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையின் தலைமையில் இந்தியாவில் 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நூறு பெரியவர்களில் பத்துப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்த வைத்தியமும் பார்க்கவில்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் தூரம். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை. இருப்பவர்களிலும் பலர் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். ஒரு தடவை டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருகிறவருக்கும் கூலி போகும். இரண்டு தடவை போவார்கள். மூன்றாம் தடவை போகமாட்டார்கள்.

இந்தத் தூரத்தைக் குறைக்க முன்பே ஒரு வழி பார்த்தார்கள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984இல் தொடங்கியது. அந்த அமைப்பு புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு டி.வி. இருக்கும். அதில் சென்னை டாக்டர் தெரிவார். நோயாளி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அவரோடு பேசுவார். அந்தப் பஸ்ஸிலேயே மருந்தும் இருக்கும். பேசி முடித்ததும் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். டாக்டர் முகம் மட்டும் வந்து மாத்திரை வராவிட்டால் என்ன பயன்? அதை யோசித்துச் செய்தது அந்தப் பஸ்.

இப்போது பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு டெலி மானஸ் என்ற சேவையைத் தொடங்கியது. எண் 14416. ஐந்தே எழுத்து. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். காசு கிடையாது. தமிழையும் சேர்த்து இருபது மொழிகளில் பேசலாம். கர்நாடகத்தில் இருக்கிற தமிழரும் தமிழிலேயே பேசலாம். மனத்தில் இருப்பதை அவரவர் மொழியில்தானே சொல்ல முடியும்?

அந்த அம்மாவுக்கு இந்த எண்ணைச் சொன்னது ஆஷா தொழிலாளி. இரவு பத்து மணிக்கு அம்மா போன் போட்டார். முதலில் பேசியவர் டாக்டர் அல்ல, ஆலோசகர். பொறுமையாகக் கேட்டார். எத்தனை நாளாகத் தூங்கவில்லை, சாப்பாடு எப்படி, குடிப்பழக்கம் உண்டா, தன்னையோ மற்றவரையோ அடிக்கிறானா என்றெல்லாம் கேட்டார். பிறகு மனநல டாக்டரிடம் இணைப்புக் கொடுத்தார்.

டாக்டர் சொன்னார்: "அம்மா, முதல் தடவை நேர்ல கூட்டிட்டு வாங்க. கோலார் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தாப் போதும். ரத்தம் பாக்கணும், எடை பாக்கணும். அதுக்கப்புறம் போன்லயே பேசிக்கலாம்."

இது முக்கியம். எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிட முடியாது. டாக்டர்கள் தூரத்திலிருந்து வைத்தியம் பார்ப்பதற்கு 2020 மார்ச்சில் விதிகள் வந்தன. டாக்டர் தன் பேரையும் பதிவு எண்ணையும் சீட்டில் போட வேண்டும். சில மருந்துகளைப் பேச்சை மட்டும் கேட்டு எழுதித் தரக் கூடாது. நேரில் வந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் எந்த நேரத்திலும் சொல்லலாம். லித்தியம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிடுகிறவருக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை கட்டாயம். போன் ரத்தம் எடுக்காது.

அம்மாவும் அக்காவும் சேர்ந்து அவனைக் கோலாருக்குக் கூட்டிப் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் தூக்கம் வந்தது. சந்தேகம் குறைந்தது. "சோறு போடும்மா" என்று அவனே கேட்டான்.

அடுத்த மாதம் முதல் போனில் டாக்டர். இங்கே ஒரு சங்கடம் வந்தது. லைன் வீட்டில் ஒரே அறை. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். "இன்னும் காதுல குரல் கேக்குதா?" என்று டாக்டர் கேட்கிறார். அக்கம்பக்கம் கேட்க அவன் எப்படிப் பதில் சொல்வான்? "இல்லை சார், நல்லா இருக்கேன்" என்று முடித்துவிட்டான். பிறகு ஆஷா தொழிலாளி துணை சுகாதார நிலையத்தில் கேட்டு ஓர் அறையைப் பிடித்துக் கொடுத்தார். அங்கே கதவு உண்டு. டாக்டரின் முகம் தெரியும்படி கம்ப்யூட்டரில் பேசவும் வசதி உண்டு. அன்றைக்குத்தான் அவன் உண்மையைச் சொன்னான். குரல் கேட்கிறது, ஆனால் மெதுவாகக் கேட்கிறது என்றான். ஆயிரம் ரூபாய் மருந்தைவிட அந்தக் கதவு பெரிது.

மூன்றாம் மாதம் பெரிய தப்பு நடந்தது. மாத்திரையால் அவனுக்கு உடம்பு கனத்தது, பகலிலும் தூக்கம் தள்ளியது. "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். தினமும் ஒன்றைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டான். பழைய சந்தேகம் திரும்பி வந்தது. போனில் டாக்டர் கேட்டார்:

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா அம்மா?"

"சாப்பிடறான் சார். நான்தான் தண்ணி எடுத்துக் குடுக்கறேன்."

அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் என்ன நினைப்பார்? சாப்பிட்டும் கேட்கவில்லை என்று நினைப்பார். அளவைக் கூட்டினார். மகன் பயந்துபோய் அன்றிரவு கூட்டிய அளவை ஒரேயடியாக விழுங்கினான். கை நடுங்கியது, கழுத்து இழுத்துக்கொண்டது. பாதி ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

நேரில் பார்க்கிற டாக்டர் கையைப் பிடித்துப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். போனில் இருக்கிற டாக்டருக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் கண். அவர்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் மருந்து எழுதுகிறார்.

அந்த அம்மா எழுத்து கற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினார். ஒவ்வொரு நாளும் மூன்றே விஷயம் எழுதினார். எத்தனை மணி நேரம் தூங்கினான். அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம். அன்று புதிதாக என்ன தொந்தரவு. "கை நடுக்கம்" என்று எழுத அவருக்கு முதலில் ரொம்ப நேரம் ஆனது. எழுத்துப் பிழையும் இருந்தது. டாக்டருக்குப் பிழை முக்கியமல்ல. அடுத்த தடவை பேசும்போது நோட்டைப் பார்த்துப் படித்தார்.

"பதினாலாந்தேதி ரெண்டு மணி நேரம்தான் தூங்கினான் சார். பதினஞ்சாந்தேதி கை நடுங்குச்சு. அட்டையில ஒம்பது மாத்திரை இருக்கணும், ஒம்பது இருக்குது."

டாக்டர் அளவைக் குறைத்தார். பகலில் தூக்கம் தள்ளாதபடி மாத்திரையை இரவுக்கு மாற்றினார். மகனிடமும் நேராகப் பேசினார். "உடம்பு கனக்குதுன்னா என்கிட்ட சொல்லுங்க தம்பி. வேற மாத்திரை இருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். மரியாதையாக "நீங்க" என்று ஒரு டாக்டர் பேசியது அவனுக்கு அது முதல் தடவை.

மாத்திரையைப் பற்றி இன்னும் கொஞ்சம். சிறிய ஊர் மருந்துக் கடையில் இந்த மாத்திரைகள் எப்போதும் இருக்காது. "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்குப் போனால் "பெங்களூர்லருந்து வரணும்" என்பார்கள். அதற்குள் நாலு நாள் விட்டுப்போகும். அதனால் பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லி வைக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைப்பதை முதலில் கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள், விலை குறைவு. டாக்டர் போனில் அனுப்பும் சீட்டும் செல்லும். அதில் டாக்டர் பேர், பதிவு எண், தேதி மூன்றும் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் அட்டையில் இருக்கும் மருந்தின் பேரும் மில்லி கிராமும் சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். 5 என்பதும் 50 என்பதும் ஒன்றல்ல.

மகன் இப்போது ரயிலில் போவதில்லை. ராத்திரி வேலை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் பகல் வேலை. சம்பளம் குறைவுதான். குரல் எப்போதாவது கேட்கிறதாம். "கேட்டுட்டுப் போகட்டும்மா" என்று வேலையைப் பார்க்கிறான்.

சில வீடுகளில் இன்னும் சங்கிலி போடுகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது. சங்கிலி வாங்கப் போகிறவர் அதற்கு முன் 14416க்கு ஒரு போன் போடட்டும்.

ஆனால் சில நேரம் போன் போட்டுக் காத்திருக்கக் கூடாது. சாக முயன்றவர், விஷம் குடித்தவர், கத்தியை எடுத்தவர், நாலு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், மாத்திரை சாப்பிட்டதும் காய்ச்சலோடு உடம்பு விறைத்துப் போனவர், இவர்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஆம்புலன்சுக்கு எண் 108. சாக முயன்றவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ் கேஸ் ஆகி ஜெயிலில் போடுவார்கள் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தே சிலர் போய்விட்டார்கள். சாக முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது, அவருக்கு வைத்தியமும் உதவியும் அரசு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. போலீஸ் வந்து விவரம் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டையும் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே இருக்கிற டாக்டருக்கு அவை உடனே வேண்டும்.