வாங்குவது வீடா, பங்கா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விசாலமான வீடும் நல்ல அண்டை வீட்டாரும் ஒரு மனிதனின் நற்பேறு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ்களில் காண்கிறோம். அந்த நற்பேற்றைத் தேடித்தான், காலை முதல் இரவு வரை கடையில் நின்று சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஆனால் வீடு என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. இதைக் கவனிக்காமல் முன்பணம் கொடுப்பவர்களே நம்மில் அதிகம்.

நம் முன்னோரின் வீடு எப்படி இருந்தது? காயல்பட்டினத்தைப் பாருங்கள். நீண்ட வீடு. பெண்கள் தெருவுக்கு வராமலேயே போய்வர முடுக்கு. பெண் மக்களுக்கு வீடு கொடுத்து, மருமகன் அங்கே வந்து வாழும் வழக்கம். அந்த வீட்டில் மண்ணும் சொந்தம், சுவரும் சொந்தம். குடும்பம் பெருகினால் மாடி எழுப்பலாம். பின்கட்டில் ஓர் அறை சேர்க்கலாம்.

பிழைப்புக்காக மண்ணடிக்கும் திருவல்லிக்கேணிக்கும் வந்தோம். இங்கே ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஒரு குடும்பம் வாழ்ந்த அந்த இடத்தில் இன்று நான்கு வீடு, ஆறு வீடு. இங்கே நீங்கள் வாங்குவது என்ன?

நிலம் எவ்வளவு?

யு.டி.எஸ். என்று புரோக்கர்கள் சொல்லும் பிரிபடாத பங்கைத்தான் வாங்குகிறீர்கள். ஒரு கிரவுண்டில் சம அளவில் ஆறு வீடு என்றால் உங்களுக்கு 400 சதுர அடி மண். நான்கு வீடு என்றால் 600. கட்டடம் வருடா வருடம் பழசாகும். மதிப்பு ஏறுவது மண்ணுக்குத்தான். ஆனால் நம்மவர்கள் டைல்ஸைப் பார்க்கிறார்கள், பால்கனியைப் பார்க்கிறார்கள். பத்திரத்தில் எத்தனை அடி மண் என்று பார்ப்பதில்லை!

தமிழ்நாட்டில் 2022-ல் இயற்றப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட அது வழி செய்கிறது. அப்படி ஒரு நாள் வரும்போது உங்கள் கையில் இருக்கும் பலம் அந்த மண் பங்குதான்.

பரப்பளவிலும் ஏமாறாதீர்கள். மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றையும் சேர்த்து ஆயிரம் அடி என்பார்கள். உள்ளே பாய் விரித்து அளந்தால் அந்த ஆயிரம் இருக்காது. 2016-ல் வந்த ரெரா சட்டம் உள் அளவாகிய கார்ப்பெட் பரப்பைச் சொல்லியே விற்க வேண்டும் என்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் ரெராவில் பதிவு கட்டாயமில்லை. நம் மக்கள் தேடிப் போவது பெரும்பாலும் இந்தச் சின்னக் கட்டடங்களைத்தான்! அங்கே உங்களுக்குப் பாதுகாப்பு உங்கள் விழிப்பும் நல்ல வக்கீலும்தான்.

வட்டியின் வாசல்

மனை வாங்கி, கையில் காசு சேரச் சேரக் கட்டினார்கள் அன்று. ஃபிளாட்டுக்கு முழு விலையையும் குறுகிய காலத்தில் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் வங்கிக் கடன் வீட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, 20 ஆண்டு. மாதம் ஏறத்தாழ 27,000 ரூபாய். முடிவில் நீங்கள் கட்டியிருப்பது ஏறத்தாழ 65 லட்சம்! அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்திருக்கிறான் என்று மேடையில் பேசுகிறோம். வீடு என்றதும் மறந்துவிடலாமா?

வழி இருக்கிறது. நகரத்துக்கு வெளியே சிறு மனை வாங்கிப் படிப்படியாகக் கட்டலாம். சகோதரர்கள் கூட்டாக வாங்கி, ஒருவர் பங்கை மற்றவர் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

பெண் பிள்ளையின் பங்கு

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தந்தை மௌத்தாகிவிட்டார். வாரிசு இரண்டு மகன்கள், ஒரு மகள் மட்டும். ஷரீஅத்படி ஐந்து பங்கு. மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. மனையோடு கூடிய வீடாக இருந்தால் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை எப்படி வெட்டுவது? விற்க வேண்டும், அல்லது குடியிருப்பவர் மற்றவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 60 லட்சம் என்றால் சகோதரியின் உரிமை 12 லட்சம். எத்தனை பேர் கொடுக்கிறார்கள்? "தங்கச்சி கேட்கவில்லை" என்கிறார்கள். கேட்காததால் உரிமை போய்விடுமா? பெண்ணுக்கு வீடே கொடுத்த சமுதாயம், அவளுடைய ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் கொடுக்காத சமுதாயமாக மாறிவிடக் கூடாது.

ஆகவே வாங்கும்போதே வாரிசுகளை நினையுங்கள். ஒரு பெரிய ஃபிளாட்டா, இரண்டு சிறியவையா என்று யோசியுங்கள். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்க நினைத்தால் பிள்ளைகளிடையே நீதமாகக் கொடுங்கள், அனுபோகத்தையும் ஒப்படையுங்கள். வெறும் காகிதம் ஹிபா ஆகாது.

அண்டை வீட்டாரைப் பற்றியும் ஒரு சொல். முஸ்லிமுக்கு வீடு இல்லை என்ற பதிலை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், தன் சமூகத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்தது செல்லும் என 2005-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கூட்டுறவுச் சங்கம் பற்றிய தீர்ப்பு. எல்லா அடுக்குமாடிக்கும் பொருந்துவதல்ல. ஆனாலும் அடுக்குமாடியில் சங்க விதி என்று ஒன்று உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது. முன்பணம் கொடுக்குமுன் அந்த விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உள்ளே போனபின் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். பராமரிப்புப் பணத்தை முதல் ஆளாகக் கட்டுங்கள். நம் அண்டை வீட்டார் நம்மால் நிம்மதி அடைய வேண்டும்.

சகோதரர்களே! மண் எவ்வளவு, உள் அளவு எவ்வளவு, பணம் எந்த வழியில், நாளை யாருக்கு எவ்வளவு? இந்த நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்தபின் கையெழுத்துப் போடுங்கள். ஹலாலான வழியில் விசாலமான வீட்டை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.